பத்து அட்டையும் ஒரு பழைய பெட்டியும்: செட்டிநாட்டு வீட்டில் அரசியல் வரலாறு

பிள்ளைகளுக்கு அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லித்தர உட்காருகிற பெரியவர்கள் அநேகமாக டெல்லியில் ஆரம்பிக்கிறார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர், இரண்டு அவைகள், 543 மக்களவைத் தொகுதிகள் என்று மேலிருந்து இறங்கி ஊராட்சிக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளையின் கவனம் எங்கோ போய்விடுகிறது. எட்டு வயதில் 543 வெறும் எண். தெருக்குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததும், அதற்காக அப்பத்தா யாருக்கோ போன் போட்டதும் அந்த வயதுக்குப் புரிகிற அரசியல். அங்கிருந்து மேலே ஏறுவது எளிது.

வரலாற்றிலும் இதே தவறு நடக்கிறது. மன்னர் பெயர், போர் நடந்த ஆண்டு, தலைவர் பிறந்த நாள் என்று மனப்பாடம் செய்யவைக்கிறோம். அரசியல் வரலாற்றைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் உறுதியான எண்ணம்: அந்தக் காலத்தில் யாரைக் கணக்கில் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்? ஏழு வயதிலும் பதினைந்து வயதிலும் கேட்கலாம். உத்திரமேரூருக்கும் காரைக்குடி வார்டுக்கும் பொருந்தும். செட்டிநாட்டில் இதைச் சொல்லித்தர வேறெங்கும் கிடைக்காத சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு 40 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

தெருவிலிருந்து

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இடது பக்கம் பொருள், வலது பக்கம் பொறுப்பாளர். முதல் வாரம் வீட்டு முகப்பிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து, அரசாங்கத்தின் கை பட்ட எல்லாவற்றையும் பிள்ளை எழுதட்டும், அல்லது வரையட்டும்: தெருவிளக்கு, கரண்ட் கம்பம், குழாய், வாய்க்கால், ரேஷன் கடை, அங்கன்வாடி, மைல்கல், தபால்பெட்டி, ஊருணி, கண்மாய். பத்துப் பன்னிரண்டு பொருள் கிடைத்தால் போதும்.

அடுத்த வாரம் வலது பக்கத்தை நிரப்ப வேண்டும். இங்கே ஒரு கண்டிப்பான விதி வையுங்கள். ‘அரசாங்கம்’ என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது. எந்த அலுவலகம் என்று எழுத வேண்டும். இந்த ஒரு விதிதான் மொத்தப் பாடத்தையும் நடத்துகிறது. தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. அது தொங்குகிற கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. ஒரே கம்பத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள் என்று தெரிந்ததும் பிள்ளை மற்றவற்றைத் தானாகத் தோண்ட ஆரம்பிக்கும். தபால்பெட்டி மத்திய அரசு. சாலையோர மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. காரில் போகும்போது பின் சீட்டிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம்.

கண்மாய்க்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். சிவகங்கைச் சீமையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குடிக்கவும் புழங்கவும் வெட்டிய ஊருணி ஊராட்சியிடம் இருக்கும். மடை உடைந்தால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும். ‘உங்கள் கண்மாய்க்கு எத்தனை ஏக்கர் பாசனம்?’ என்று தெருவில் விவசாயம் பார்க்கும் ஒருவரைப் பிள்ளையே கேட்கட்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பதில் கிடைக்கும்.

தெரியாததை ஊகித்து நிரப்பக் கூடாது என்பதில் பெரியவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கேள்விக்குறி போட்டுவிட்டு விசாரியுங்கள். பெரியவர் அவசரத்தில் சொன்ன தவறான பதில் பிள்ளையின் நோட்டில் வருடக்கணக்கில் நிற்கும்.

பிறகு வீட்டு வரி ரசீதை எடுங்கள். வரி எண், காலம், தொகை எல்லாவற்றையும் பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும். அதில் நூலக வரி சேர்ந்திருக்கும். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வாரிசு அது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் உள்ளாட்சி வசூலித்து நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தன் வீட்டு வரிக்கு எவ்வளவு வரும் என்று பிள்ளை கணக்குப் போட்டதும், அன்று மாலையே கிளை நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். வரி என்பது எங்கோ போகிற பணம் என்ற நினைப்பு அங்கே உடையும். மகமைக் கணக்கு எழுதிய மண்ணில் இதைப் புரியவைப்பது சிரமமில்லை. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று தருமத்துக்கு எடுத்துவைத்தது மகமை. அது ஊர்க் கட்டுப்பாட்டில் நடந்தது. வீட்டு வரி சட்டத்தில் நடக்கிறது. கொடுக்காவிட்டால் யார் கேட்பார்கள், கணக்கை யாரிடம் காட்ட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை இரண்டுக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு வகை ஊர்

செட்டிநாட்டுப் பிள்ளைக்கு வாய்த்த வசதி, நான்கு வகை உள்ளாட்சியும் கிட்டக்கிட்ட இருப்பது. ஆத்தங்குடி ஊராட்சி. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சி. தேவகோட்டை நகராட்சி. காரைக்குடி 1928இல் நகராட்சியாகி 2024இல் மாநகராட்சி ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கு அலுவலகப் பெயர்ப்பலகைகளையும் படம் எடுத்து வந்துவிடலாம்.

பெரியவர்களே குழம்புகிற இடம் ஒன்று இங்கே உண்டு. கிராம சபை ஊராட்சிக்குத்தான். கானாடுகாத்தானில் கிராம சபை கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதேபோல ஊராட்சி வாக்காளருக்கு உள்ளாட்சித் தேர்தலில் நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். 2019 தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நிறம் நிறமாகச் சீட்டு கொடுத்தார்கள். பேரூராட்சிக்காரருக்கு ஒரே ஓட்டு. தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆத்தங்குடியில் இருக்கும் அத்தை பிள்ளையும் கானாடுகாத்தானில் இருக்கும் மாமா பிள்ளையும் இதைப் பற்றி வாதாடிக்கொண்டால் பாடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

கிராம சபைக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. பிள்ளை கை தூக்கி வாக்களிக்க முடியாது, உட்கார்ந்து பார்க்கலாம். சும்மா உட்காரவைத்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடும். கையில் ஒரு தாள் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்: வந்தவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, வாய் திறந்து பேசியவர் எத்தனை, அவர்களில் பெண்கள் எத்தனை. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற குறைவெண் வரம்பை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கை நிரம்பியதா என்று தன் தாளை வைத்துப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். ஊர் ஆட்களைக் குறைசொல்லும் விதமாக இதை நடத்த வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு, பேசாதவர்கள் ஏன் பேசவில்லை என்று யோசிக்கவைப்பதுதான் நோக்கம்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016இலும் தேர்தல் தள்ளிப்போய் இதே நிலை மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசமைப்பின் ஒன்பதாம் பகுதி சொல்கிறது. எழுதிய சட்டத்துக்கும் நடப்புக்கும் இடைவெளி விழும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்த இடைவெளிதான் அவர்களை ஈர்க்கிறது.

பத்து அட்டை

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு கெட்டி அட்டை பத்து வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை எழுதுங்கள். ரங்கூனில் கடை வைத்திருக்கும், ஊரில் நிலமும் வீடும் உள்ள 45 வயது முதலாளி. தன் பெயரில் சொத்து எதுவும் இல்லாத அவர் மனைவி. கணவரை இழந்த, தன் பெயரில் நிலமுள்ள 55 வயது ஆச்சி. 50 வயதுச் சமையல்காரர். குத்தகை விவசாயி, 38. நிலமில்லாத பண்ணைக் கூலி, 30. கொத்தனார், 28. பள்ளிக்கூட ஆசிரியை, 26. கீரை விற்கும் பாட்டி, 60. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன், 19. படமும் வரைந்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர் கணக்கில் உண்டு, கீழே இருப்பவர் இல்லை. இனி ஆண்டைச் சொல்லச் சொல்லப் பிள்ளை அட்டைகளை நகர்த்த வேண்டும்.

முதலில் 921, உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35இலிருந்து 70க்குள் வயது, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. குடும்பு எனப்படும் 30 வார்டுகள் இருந்தன. குடத்திலிருந்து ஓலை எடுப்பது ஒரு சிறுவன். இந்த விதிகளின் கூர்மையைப் பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள். கணக்குக் காட்டாதவரை விலக்கியதை இரண்டு முறை சொல்லுங்கள், தகும். ஆனால் அது பிராமணர்களின் சபை, ஆண்களுக்கான சபை. நம் பத்து அட்டையும் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர் இந்த அட்டைகளை நகர்த்திப் பார்த்ததில்லை. பெருமையையும் எல்லையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பிள்ளையால் இரண்டையும் தாங்க முடியும்.

அடுத்து 1920. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல், நீதிக்கட்சி ஆட்சி. நான்கு கோடிக்கு மேல் மக்கள் இருந்த மாகாணத்தில் வாக்காளர் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம். நூற்றுக்கு மூன்று பேர். வரியும் சொத்தும்தான் அளவுகோல், ஆண்களுக்கு மட்டும். முதலாளி மேலே போவார். குத்தகை விவசாயி, சாகுபடி செய்யும் நிலத்தைப் பொறுத்து மேலேயும் போகலாம், கீழேயும் நிற்கலாம். 1921இல் சென்னைச் சட்டசபை, அதே சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது. நிலமுள்ள ஆச்சியின் அட்டையை அப்போது மேலே நகர்த்துங்கள். 1935 சட்டத்துக்குப் பின் நடந்த 1937 தேர்தலில் படிப்பும் ஒரு தகுதியானதால் ஆசிரியையும் மேலே வருவார். 1952, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல்: 21 வயதான எல்லோருக்கும் வாக்கு. கீழே இருந்தவர்கள் ஒரே வீச்சில் ஏறி, மொத்தம் ஒன்பது அட்டை மேலே இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கீழே தனியாக மிச்சமிருப்பது பெட்டியடிப் பையன் மட்டும். 61ஆவது திருத்தம் 1989 மார்ச்சில் வாக்கு வயதை 18 ஆக்கியதும் அவனும் ஏறிக்கொள்வான்.

1952இலும் எல்லோரும் உண்மையில் கணக்கில் வந்துவிடவில்லை என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வட இந்தியாவில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்ததால், ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பிள்ளைக்கு இதே அட்டைகளால் இன்னொரு கணக்கையும் காட்டலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் மறைந்தால் அரைப்புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் ஊர்க் காரியத்துக்கும் வரி. முதலாளியும் மனைவியும் ஒரு புள்ளி, ஆச்சி அரைப்புள்ளி. சமையல்காரரும் கொத்தனாரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இது ஒரு சமூகம் தனக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று பார்க்காமல் எத்தனை ஜோடி என்று பார்க்கிற கணக்குக்கும், ஆளுக்கு ஒன்று என்கிற ஓட்டுக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து வயதுப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு விளையாட்டுக்கு 30 புளியங்கொட்டை போதும். 12, 10, 8 என்று மூன்றாகப் பிரியுங்கள். 12 வாங்கியவர் ஜெயித்தார். அவரை வேண்டாம் என்றவர் 18. அடுத்து மூன்று வார்டு வரைந்து ஒவ்வொன்றிலும் பத்துக் கொட்டை வையுங்கள். முதல் வார்டில் ஆறுக்கு நான்கு, இரண்டாவதிலும் ஆறுக்கு நான்கு, மூன்றாவதில் சுழியத்துக்குப் பத்து. மொத்தத்தில் 12 ஓட்டு வாங்கிய கட்சிக்கு இரண்டு வார்டு, 18 வாங்கிய கட்சிக்கு ஒன்று. தொகுதி மறுவரையறை என்றதும் ஏன் பெரியவர்கள் குரல் உயர்கிறது என்று விளக்க வேறெதுவும் தேவைப்படாது. தோற்ற பிள்ளையை அழவிட்டு எழுந்துவிடாதீர்கள். தோற்றவருக்கு எதிர்க்கட்சி வேலை உண்டு. வீட்டு பட்ஜெட்டில் இந்த மாதம் மூன்று கேள்வி கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.

நடுவே போன எல்லை

செட்டிநாட்டை ஒரே நாடு என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1948 வரை அதன் நடுவே ஓர் எல்லைக்கோடு ஓடியது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பிரிட்டிஷ் இந்தியாவில், ராமநாதபுரம் மாவட்டத்தில். ராயவரமும் பொன்னமராவதியும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில், தொண்டைமான் ஆட்சியில். அட்டைகளை எடுத்துக் கானாடுகாத்தானிலிருந்து ராயவரத்துக்கு மாற்றுங்கள். 1937இல் சென்னை மாகாணத் தேர்தலில் அவர்களில் ஒருவருக்கும் ஓட்டில்லை. அவர்கள் வேறு அரசின் குடிகள். அங்கே 1924 முதல் தனிச் சட்டசபை இருந்தது.

ஏன் இப்படி ஒரு கோடு? இங்கேதான் மருது சகோதரர்கள் வருகிறார்கள். அவர்களை வீரக்கதையாக மட்டும் சொல்லி முடித்தால் காரணகாரியம் காணாமல் போகும். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டார். 1801 ஜூன் 16இல் சின்ன மருது திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டவைத்த அறிக்கை, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக விளித்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக அழைத்தது. அக்டோபர் 24இல் சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சிவகங்கை 1803இல் நிலையான ஜமீனாக்கப்பட்டது. புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனியின் பக்கம் நின்றவர். அந்த அரசு சமஸ்தானமாகத் தொடர்ந்து 1948 மார்ச் 3இல்தான் இந்தியாவோடு இணைந்தது. ஒரு பக்கம் எதிர்த்து அழிந்தது, ஒரு பக்கம் சேர்ந்து நிலைத்தது. செட்டிநாட்டின் நடுவே போன கோடு அந்த இரண்டு முடிவுகளின் தடம். துரோகி, தியாகி என்று பெயர் சூட்டுவதற்கு முன்னால், அன்று அந்த இரண்டு அரசுகளுக்கும் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பெயர் சூட்ட அவசரமில்லை.

இன்றும் அந்தக் கோட்டின் சாயல் மாவட்ட எல்லையில் தெரிகிறது. புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் வந்தது, சிவகங்கை மாவட்டம் 1985இல். ஆனால் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் காரைக்குடியும் திருப்பத்தூரும் மட்டுமில்லாமல் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும் அடக்கம். மாவட்ட வரைபடத்தின் மேல் வெண்ணெய்த்தாளை வைத்துத் தொகுதி வரைபடத்தை வரையவைத்தால், கலெக்டர் வேறு எல்லையிலும் எம்.பி. வேறு எல்லையிலும் வேலை பார்க்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

திருமயம் கோட்டைக்குப் போனால், அந்த ஊரில் 1887இல் பிறந்த சத்தியமூர்த்தியைப் பற்றிப் பேசுங்கள். புதுக்கோட்டைக்குப் போனால் முத்துலட்சுமி ரெட்டி. சமஸ்தானத்தில் பிறந்து, ஆண்கள் கல்லூரியில் அனுமதி பெற்றுப் படித்து, 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக ஆனவர். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவாவை 1927இல் காந்தி போய்ப் பார்த்தார். 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்ததையும், திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்ததையும் பஸ்ஸில் போகும்போதே சொல்லலாம். ஒரு பயணத்துக்கு ஓர் இடம், ஒரு கேள்வி. நான்கு இடத்தை ஒரே நாளில் காட்டினால் மாலையில் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மட்டுமே நினைவிருக்கும்.

பெட்டியைத் திறக்கும்போது

பழைய வீடுகளில் இரும்புப்பெட்டியிலோ மரப்பெட்டியிலோ தாள்கள் கிடக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவை பின்னாளில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே ஆயின. உங்கள் வீட்டில் ஐந்து தாள் கிடைத்தாலும் போதும். மூலத்தைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். முற்றத்து வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள்; பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது. ஓலையை வளைக்கவே வேண்டாம். வழக்கு நடக்கிற பாகப்பிரிவினைத் தாளைப் பாடத்துக்கு எடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

தேதி கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. முத்திரைத்தாளில் விக்டோரியா தலை என்றால் 1901க்கு முன். ஏழாம் எட்வர்டு 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. பிறகு ஆறாம் ஜார்ஜ். குடியரசுக்குப் பின் சிங்கமுகத் தூண். பத்திரத்தில் சர்வசித்து வருஷம் என்று இருந்தால் அது 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் அறுபதாண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்ப வரும். தலையைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். சுதந்திரமும் புதுக்கோட்டை இணைப்பும் ஒரே சர்வசித்து வருஷத்தில் நடந்தவை. கிஸ்து என்ற நிலவரி ரசீதில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். பசலி ஜூலையில் பிறக்கிறது: ஜூலையிலிருந்து டிசம்பர் வரையான தேதிக்கு 590ஐயும், ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கு 591ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1435 என்பது 2025 ஜூலையில் தொடங்கியது. இதில் எல்லோரும் ஓராண்டு தவறுவார்கள். மாதத்தைப் பார்க்காமல் கூட்டுவதுதான் காரணம்.

ரசீதில் பணம் வாங்கியவர் ஜமீனா, சர்க்காரா என்று பாருங்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு ரசீது கிடைத்தால், உழுதவனுக்கும் அரசுக்கும் நடுவில் நின்ற ஒருவர் விலகியது தாளிலேயே தெரியும்.

பெட்டியில் போர்க்காலத்தில் ஜப்பானியர் அச்சடித்த பணத்தாள் கிடைக்கலாம். மூலையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தோடு வரிசை தொடங்கினால் பர்மாவுக்கு அச்சடித்தது, ‘எம்’ என்றால் மலேயாவுக்கு. போர் முடிந்ததும் அது செல்லாத்தாள் ஆனது. இங்கே பர்மாவைப் பற்றி நேர்மையாகப் பேசியாக வேண்டும். நம்மவர்கள் அங்கே விவசாயிகளுக்கு நிலத்தின் மேல் கடன் கொடுத்திருந்தார்கள். 1930இல் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் அந்தப் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய ஆறு சதவீதத்திலிருந்து கால் பங்காக உயர்ந்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1942இல் ஜப்பான் வந்தது, 1948இல் விடுதலையும் நில தேசியமயச் சட்டமும் வந்தன. நம் வீடுகளில் சொல்லப்படுவது விட்டுவந்த சொத்தின் கதை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கதை சொல்லப்படுவதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை இரண்டு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: பர்மாவில் வட்டிக்கடை நடத்தும் ஏஜெண்டு ஊருக்கு எழுதுவது ஒன்று, அந்த விவசாயி ரங்கூன் சட்டசபைக்கு எழுதுவது இன்னொன்று. இரண்டிலும் அதே ஆண்டும் அதே விலைவீழ்ச்சியும் வர வேண்டும்.

உள்ளூரிலும் மறைக்கக் கூடாதது உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதி திராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது: பொன், வெள்ளி நகை கூடாது, ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். பக்கத்தில் அரசமைப்பின் 15ஆவது, 17ஆவது பிரிவுகளை வைத்துப் படிக்கவையுங்கள். மாளிகைகளின் வரலாற்றை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அந்த இரண்டு பிரிவுகளும் ஏன் எழுதப்பட்டன என்று கடைசிவரை தெரியாது.

பெரியவர்களைக் கேட்பது, கட்சி பேசுவது

‘அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சுப்பா’ என்று பதில் வரும், அதோடு முடிந்தது. பொருளையும் இடத்தையும் கேட்க வேண்டும்: ‘ஐயா, முதல் ஓட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டீக? யார்கூடப் போனீக?’ ‘ஆச்சி, யாருக்குப் போடணும்னு வீட்டுல சொல்லிவிட்டாகளா, நீங்களாப் போட்டீகளா?’ இருபது நிமிடம் போதும். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து போன ஒருவரையும் அனுமதி பெற்று அவர் வீட்டிலேயே போய்க் கேட்க வேண்டும். 1969இல் பிறந்தவர் யாராவது இருந்தால் விடாதீர்கள். 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு ஓட்டில்லை; அதே ஆண்டு நவம்பர் மக்களவைத் தேர்தலில் இருந்தது. திருத்தம் என்ற சொல் அவர் வாயால் வந்தால் மறக்காது.

கட்சி பேசாத வீடு கிடையாது, பேசக் கூடாது என்பதும் பொய்யான ஒழுக்கம். பிள்ளை முன்னால் பேசும்போது மட்டும் ஒரு விதி: ஆட்சி இதைச் செய்தது, செய்யவில்லை என்று சொல்பவர், எந்தச் சட்டம் அல்லது எந்த ஆணை, எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நோட்டில் கேள்விக்குறி. தாத்தாவுக்கும் இதே விதிதான். மாற்றுக்கட்சிக்காரரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி மூன்று வரியில் எழுதுவது பதினான்கு வயதுக்குமேல் நல்ல பயிற்சி. கிண்டல் கலந்தால் திருப்பி எழுதவையுங்கள்.

அரசமைப்புச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். முகப்புரை, பிறகு 14 முதல் 18 வரை, 19, 21, 21-அ, பிறகு நேராக ஏழாவது அட்டவணை. தெரு நோட்டின் வலது பக்கத்தை மறுபடி எடுத்து, ஒவ்வொரு பொருளும் மத்தியப் பட்டியலா, மாநிலப் பட்டியலா, பொதுப் பட்டியலா என்று குறிக்கவையுங்கள். கல்வி 1976இல் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. ஊராட்சி அமைப்புகளுக்கு உரிய 29 பொருள்கள் 11ஆவது அட்டவணையில் இருக்கின்றன. அதில் உங்கள் ஊராட்சி கையில் உண்மையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதற்கு ஒரு மாதம் ஆகும். ஆகட்டும்.

கடைசியாக, மனு. பிள்ளை கண்டுபிடித்த ஒரு குறைக்கு ஒரே ஒரு கோரிக்கையோடு ஒரு பக்கம்: அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், என்று முதல் இப்படி இருக்கிறது, என்ன செய்ய வேண்டும். மூன்று குறையை ஒரே மனுவில் திணித்தால் மூன்று அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், ஒன்றுக்கும் ஆள் இருக்காது. பெரியவர் கையெழுத்தோடு உரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மேலே போக வேண்டுமானால் திங்கள்கிழமை சிவகங்கையில் கலெக்டரின் குறைதீர் கூட்டம். பதிலே இல்லாவிட்டால், 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பெரியவர் பெயரில் விண்ணப்பியுங்கள். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடலாம். ‘இந்தத் தேதியில் கொடுத்த இந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளைக் காலண்டரில் பிள்ளையே வட்டமிட்டு, 30ஆவது நாளிலும் ஒரு வட்டம் போடட்டும்.